உள்ளங்கையளவு அலாரம், உறங்குபவரை எழுப்பும் சத்தம்: நான் பட்ட பாடு

அடுத்த அறையில் தூங்குகிறவரை எழுப்ப வேண்டும். எழுப்பும் பெட்டி உள்ளங்கைக்குள் அடங்க வேண்டும். பேட்டரியிலேயே ஓட வேண்டும். இந்த மூன்றையும் சேர்த்துக் கேட்டால், மைக்ரோகன்ட்ரோலர் (நிரல் எழுதி இயக்கும் சிறு கணினிச் சில்லு) பழகியவர்களில் பலரும் "ஒரு பஸ்ஸரை மாட்டிவிடுங்கள், முடிந்தது" என்றுதான் சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அந்த ஒரு வரிக்கும் உண்மையில் காதில் விழும் சத்தத்துக்கும் இடையே எனக்குப் பல மாத மாலை நேரங்கள் செலவாயின. ஒரு டப்பா நிறையப் பயன்படாத பாகங்கள் சேர்ந்தன, சில போர்டுகள் எரிந்தன. மொத்தச் செலவில் கடைப்பொருளாகவே நல்ல அலாரங்கள் பல வாங்கியிருக்கலாம். இதையெல்லாம் முன்கூட்டியே சொல்ல எனக்கு ஆள் இல்லை. அடுத்து இந்த வேலையில் இறங்குகிறவருக்காவது பயன்படட்டும் என்று நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

அப்பாவுக்கு இன்சுலின். பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். உறைந்துவிட்டால் பிறகு உருகினாலும் பயன்படுத்தக் கூடாது. குளிர்சாதனப் பெட்டியின் கதவு சரியாக மூடாமல் விடிய விடியக் கிடந்த ஓர் இரவுக்குப் பிறகு, உள்ளே ஒரு வெப்பநிலை உணரியை வைத்து, எல்லை தாண்டினால் கூவும் ஒரு பெட்டியைச் செய்வதென்று முடிவெடுத்தேன். உணரிக்கு டிஎஸ்18பி20. அந்தப் பகுதி ஒரே மாலையில் ஒழுங்காக வேலை செய்தது, நிரலும் பெரிதில்லை. மின்சாரம் போனாலும் அடிக்க வேண்டும் என்பதால்தான் பேட்டரி. மீதமிருந்தது சத்தம் மட்டும். அதுதான் பல மாதங்களை விழுங்கியது.

முதலில் பஸ்ஸர் வகைகள். வெளியே பார்த்தால் எல்லாம் கறுப்பு உருளை, மேலே ஒரு துளை. உள்ளே இரண்டு விதமான பிரிவு இருக்கிறது. ஒரு வகைக்குள் அலைவு எழுப்பும் சுற்று சேர்ந்தே இருக்கும். நேர் மின்னோட்டம் கொடுத்தாலே கத்தும். இன்னொன்று வெறும் ஒலிக்கருவி. நாம்தான் அதிர்வெண்ணை ஊட்ட வேண்டும். பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்: முதலாவது தொடர்ந்து ஒலிக்கும், இரண்டாவது 'டக்' என்று ஒரு சொடுக்குடன் நின்றுவிடும். அடுத்த பிரிவு காந்தச் சுருளா, பீசோவா (வோல்ட் கொடுத்தால் வளையும் பீங்கான் தகடு) என்பது. சுருள் வகை சில வோல்ட்டிலேயே ஒலிக்கும், ஆனால் 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் இழுக்கும். அதை மைக்ரோகன்ட்ரோலரின் பின்னில் (வெளியே நீளும் இணைப்புக் காலில்) நேரடியாக மாட்டாமல் டிரான்சிஸ்டர் வழியாக ஓட்டி, குறுக்கே ஒரு டையோடும் வைக்க வேண்டும். பீசோ அதற்கு நேர்மாறு: மின்னோட்டம் சொற்பம், வோல்ட் நிறையக் கேட்கும். இந்த வேறுபாட்டைப் பொருள் விவரத்தில் எழுதாமலே விற்கிறார்கள். நான் வாங்கிய முதல் தொகுப்பில் எல்லாம் கலந்தே வந்தன.

இன்னொரு சிறு விஷயம். சில பஸ்ஸர்களின் துளைமேல் ஒரு வட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். போர்டைக் கழுவும்போது தண்ணீர் உள்ளே போகாமலிருக்க ஒட்டுவது அது. கழுவி முடிந்ததும் உரித்துவிட வேண்டும். உரிக்கும் முன்பும் பின்பும் கேட்டுப் பாருங்கள். வேறு எந்த வேலையும் செய்யாமல் கிடைக்கும் லாபம் அது.

இப்போது என்னை மிக நீண்ட நாள் திண்டாட வைத்த கணக்குக்கு வருகிறேன். ஒரு பீசோ பஸ்ஸரின் தரவுத்தாளில் 95 டெசிபெல் என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் '12 வோல்ட், 10 செ.மீ.' என்று இருக்கும். என் சுற்றில் இருப்பது 3.3 வோல்ட். வோல்ட் பாதியானால் 6 டெசிபெல் குறையும், 12-இலிருந்து 3.3-க்கு வந்தால் ஏறத்தாழ 11 டெசிபெல் போய்விடும். தொலைவும் அப்படித்தான், இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபெல் போகும். 10 சென்டிமீட்டரில் அளந்ததை 3 மீட்டர் தள்ளி நின்று கேட்டால் இன்னும் 29 அல்லது 30 டெசிபெல் கழிய வேண்டும். ஆக 95 என்று வாங்கியது கட்டில் அருகே 54 ஆகிறது. இருவர் சாதாரணமாகப் பேசிக்கொள்வதே 60 டெசிபெல் அளவு. நடுவே மூடிய கதவு இருந்தால் ஏறத்தாழ இன்னுமொரு 20-ஐக் கழித்துக்கொள்ளுங்கள். அறைச்சுவர்களில் ஒலி பட்டுத் திரும்புவதால் வீட்டுக்குள் இழப்பு இந்தக் கணக்கைவிடச் சற்றுக் குறையலாம். ஆனால் திட்டமிடும்போது அதை நம்பிக்கொண்டிருக்க முடியாது.

இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்த்த இரவில் எனக்கு வந்தது கோபம்தான். அதுவரை 'இன்னும் சத்தமான பஸ்ஸர்' என்று தேடித்தேடி வாங்கிக்கொண்டிருந்தேன். ஒன்றில் 85 டெசிபெல் என்று இருக்கும், இன்னொன்றில் 100 என்று இருக்கும். ஒன்று 30 செ.மீ. தொலைவில் அளந்தது, மற்றது 10 செ.மீ. தொலைவில். அந்த இரண்டு தொலைவுகளுக்கு நடுவிலேயே 9.5 டெசிபெல் வித்தியாசம் ஒளிந்திருக்கிறது. ஆகவே பஸ்ஸர் வாங்குமுன் மூன்று எண்களையும் சேர்த்தே படியுங்கள்: எத்தனை டெசிபெல், எத்தனை வோல்ட்டில், எவ்வளவு தொலைவில். இந்த மூன்றில் ஒன்றைச் சொல்லாத விற்பனைப் பக்கத்தை அப்படியே கடந்துவிடலாம். கணக்கைப் போட்ட பிறகு கேள்வியே மாறிவிட்டது. சத்தமான பாகத்தைத் தேடுவதை விட்டுவிட்டு, கையில் இருக்கும் பீசோ தகட்டுக்கு எப்படி அதிக வோல்ட் கொடுப்பது, அதன் அதிர்வை எப்படிக் காற்றுக்கு முழுதாகக் கடத்துவது என்று பார்க்கத் தொடங்கினேன்.

வோல்ட்டைக் கூட்டும் வழிகளில் மிக மலிவானது, பீசோவின் இரு முனைகளையும் இரண்டு பின்களில் இணைத்து எதிரெதிராக ஓட்டுவது. ஒன்று மேலே இருக்கும்போது மற்றது கீழே. பீசோவுக்குக் குறுக்கே கிடைக்கும் ஆட்டம் 3.3-இலிருந்து 6.6 வோல்ட் ஆகிறது; 6 டெசிபெல் சும்மா கிடைக்கிறது. கூடவே ஒவ்வொரு பின்னுக்கும் 100 முதல் 220 ஓம் வரை ஒரு ரெசிஸ்டர் போட்டுவிடுங்கள். பீசோ மின்சுற்றுக்கு ஒரு கெபாசிட்டர் போலத்தான் தெரியும். நிலை மாறும் ஒவ்வொரு கணமும் பின்னிலிருந்து திடீரென்று மின்னோட்டம் இழுக்கும். ரெசிஸ்டர் இல்லாமல் காட்டியிருந்த ஒரு வரைபடத்தை அப்படியே பின்பற்றிய என் போர்டு, ஒருநாள் மேசையிலிருந்து கீழே விழுந்தது. அதன் பிறகு அந்தப் பின் உயிர் பெறவே இல்லை. பீசோ இரு திசையிலும் வேலை செய்யும் பொருள்: வோல்ட் கொடுத்தால் வளைகிறது, தட்டினால் வோல்ட் தருகிறது. பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ழாக் கியூரியும் 1880-இல் முதலில் கண்டதே இந்த இரண்டாவது விளைவைத்தான். பெட்டி கீழே விழும் கணத்தில் தகடு எழுப்பும் வோல்ட் நேராகப் பின்னுக்குள் போகும். ரெசிஸ்டரோடு, வோல்ட் ஓர் அளவைத் தாண்டாமல் பிடிக்கும் இரண்டு ஜீனர் டையோடுகளையும் காவலுக்கு வைப்பது நல்லது. அலாரம் அமைதியாக இருக்கும் நேரத்தில் இரண்டு பின்களையும் கீழ்நிலையிலேயே வைத்திருங்கள். பீசோவின் குறுக்கே நேர் மின்னழுத்தம் இடைவிடாமல் நின்றால் ஈரப்பதமான இடங்களில் வெள்ளிப் பூச்சு மெல்ல நகர்ந்து தகட்டைக் கெடுத்துவிடும்.

6 டெசிபெல் எனக்குப் போதவில்லை. அடுத்து இண்டக்டர் முறை. பீசோவுக்கு இணையாக ஓர் இண்டக்டரை (ஆற்றலைச் சேர்த்துவைக்கும் கம்பிச்சுருள்) வைத்து டிரான்சிஸ்டரால் முடுக்கினால், டிரான்சிஸ்டர் அணையும் கணத்தில் இண்டக்டரில் சேர்ந்திருந்த ஆற்றல் முழுவதும் பீசோவுக்குள் பாயும். 4.5 வோல்ட் பேட்டரி, 10 மில்லி ஹென்றி இண்டக்டர், 20 நானோஃபாரட் பீசோ என்று வைத்துக் கணக்கிட்டால் 3500 ஹெர்ட்ஸில் உச்சம் 40 வோல்ட்டையும் தாண்டும். சத்தம் அப்படியே எகிறியது. மேசையைச் சுற்றி நடந்து நடந்து கேட்டேன், அவ்வளவு மகிழ்ச்சி. சில நிமிடங்களில் டிரான்சிஸ்டர் செத்தது. மாற்றினேன், அதுவும் செத்தது. எல்லா வரைபடங்களிலும் கண்ணை மூடிக்கொண்டு போடும் 2என்2222 டிரான்சிஸ்டர், கலெக்டர்-எமிட்டர் இடையே 30 வோல்ட் வரைதான் தாங்கும். அதன் 'ஏ' வகை 40 தாங்கும். அதன் தலையில் விழுந்ததோ உச்ச வோல்ட்டும் பேட்டரி வோல்ட்டும் சேர்ந்து 50-ஐ ஒட்டிய அளவு. 80 வோல்ட் தாங்கும் எம்பிஎஸ்ஏ06 போட்டதும் சாவு நின்றது. கலெக்டருக்கு முன்னால் ஒரு 1என்4148 டையோடைத் தொடராக வைத்தேன். மின்னழுத்தம் எதிர்ப்பக்கம் ஊசலாடும்போது டிரான்சிஸ்டர் தலைகீழாகக் கடத்தாமல் அது தடுக்கிறது.

இதிலும் ஓர் எல்லை உண்டு. சிறிய பீசோ தகடுகள் பலவற்றுக்கு உச்சத்திலிருந்து உச்சத்துக்கு 30 வோல்ட் என்ற அளவில்தான் அனுமதி இருக்கும். அதற்கு மேல் போனால் சத்தம் அதிகமாகாது. பீங்கானின் முனைவாக்கம் (அதை வளைய வைக்கும் உள் மின் ஒழுங்கு) குலைந்து தகடு மெல்ல ஊமையாகிவிடும். ஆகவே பீசோவின் குறுக்கே இரண்டு 12 வோல்ட் ஜீனர்களை முதுகோடு முதுகாக வைத்தேன். ஆட்டம் 25 வோல்ட் அளவில் நின்றது, டிரான்சிஸ்டருக்கும் நிம்மதி. 3.3 வோல்ட்டில் நேரடியாக ஓட்டியதோடு ஒப்பிட்டால் 17 டெசிபெல்லுக்கும் அதிகமான ஏற்றம். காதுக்கு 10 டெசிபெல் கூடினாலே இரு மடங்கு சத்தமாகத் தெரியும் என்பதை நினைத்தால் இது எவ்வளவு பெரியது என்று புரியும். இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்குப் பீசோ ஓட்டுவதற்கென்றே சில்லுகள் இருக்கின்றன. பிஏஎம்8904 அவற்றில் ஒன்று: இண்டக்டரே இல்லாமல், 3 வோல்ட்டிலிருந்து 18 வோல்ட் ஆட்டம் தரும். அப்படி ஒரு சில்லு இருக்கிறது என்று முதல் வாரத்திலேயே எனக்கு ஒருவர் சொல்லியிருந்தால் பாதி மாலைகள் மிச்சம்.

இதன் பிறகு வந்த தலைவலி மின்சாரம். பெட்டி சிறிதாக இருக்க வேண்டும் என்று சிஆர்2032 நாணய பேட்டரியில் தொடங்கியிருந்தேன். அலாரம் அடிக்க வேண்டிய நேரத்தில் 'கீச்' என்று ஒரு சிறு ஒலி, பின் மௌனம், மறுபடி 'கீச்'. நிரலில் பிழை என்று எண்ணி இரவு முழுவதும் வரி வரியாகத் தேடினேன். நிரல் சரியாகவே இருந்தது. நாணய பேட்டரியின் உள்மின்தடை அதிகம். சத்தம் தொடங்கியதும் வோல்ட் தாழ்ந்து, மைக்ரோகன்ட்ரோலர் தன்னைத் தானே மீட்டமைத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கி, மறுபடி அலாரத்தை இயக்கி, மறுபடி விழுந்துகொண்டிருந்தது. உங்கள் அலாரம் இப்படித் துண்டு துண்டாகக் கீச்சிட்டால் நிரலைத் திறக்குமுன் பேட்டரி முனைகளில் மீட்டரை வையுங்கள். மூன்று ஏஏ பேட்டரிகளுக்கு மாறினேன். மைக்ரோகன்ட்ரோலருக்குப் போகும் மின்பாதையில் ஒரு ஷாட்கி டையோடும், அதன் பின்னால் ஒரு பெரிய கெபாசிட்டரும் வைத்தேன். சத்தம் போடும் பகுதி மின்சாரத்தைச் சட்டென்று இழுத்தாலும் மூளைக்குப் போவது தடைபடாது.

நிரல் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒலியைச் சுழற்சிக்குள் பின்னை ஏற்றி இறக்கி உருவாக்காதீர்கள். டிஎஸ்18பி20 தன் முழு நுணுக்கத்தில் ஒருமுறை அளக்க 750 மில்லி விநாடி வரை எடுக்கும். அதற்காக நிரல் காத்திருந்தால் அந்த நேரம் முழுவதும் அலாரம் வாயடைத்து நிற்கும். வன்பொருள் டைமரிடம் (சில்லுக்குள் தனியாக ஓடும் கடிகாரம்) ஒலியை ஒப்படைத்துவிடுங்கள். ஆர்டுயினோ யூனோ என்னும் மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் ஒலிக்கென்று இருக்கும் ஆயத்தக் கட்டளை இரண்டாம் டைமரைப் பிடித்துக்கொள்ளும். 3, 11 ஆகிய பின்களின் பல்ஸ் அகல வெளியீடு அந்த நேரத்தில் குழம்பும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் விட எனக்கு வியப்பாக இருந்தது மூடி. பீசோ தகட்டை மேசைமேல் வெறுமனே வைத்து ஓட்டினால் ஒலி மெலிந்து, தகரத்தனமாக வரும். தகட்டுக்கு முன்னால் சரியான அளவில் ஒரு காற்றறையும் அதில் ஒரு துளையும் இருந்தால் மட்டுமே அது கத்தும். துளையில் இருக்கும் காற்றும் அறைக்குள் இருக்கும் காற்றும் சேர்ந்து தமக்கென்று ஓர் அதிர்வெண்ணில் ஆடும். தகட்டின் ஒத்ததிர்வும் (அது மிக எளிதாக அதிரும் அதிர்வெண்) அதுவும் ஒன்றாக வந்தால், ஊஞ்சலைச் சரியான கணத்தில் தள்ளுவதைப் போல ஒவ்வொரு தள்ளலும் முந்தையதோடு சேரும். நான் முதலில் முப்பரிமாண அச்சுப்பொறியில் அச்சிட்ட பெட்டியில் அறை 5 மில்லிமீட்டர் ஆழம். கண்ணுக்கு அது நியாயமான அளவாகத்தான் தெரிந்தது. விட்டம் 24 மி.மீ., துளை 4 மி.மீ., மூடியின் தடிமன் 1.5 மி.மீ. கணக்கிட்டுப் பார்த்தால் அந்த அறையின் அதிர்வெண் 2000 ஹெர்ட்ஸ் அளவில் வருகிறது. என் தகட்டுக்கோ 3500. இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவே இல்லை. மற்றவற்றை அப்படியே வைத்துக்கொண்டு 3500 ஹெர்ட்ஸுக்கு எவ்வளவு ஆழம் வேண்டும் என்று பார்த்தால் 1.65 மி.மீ.தான் வந்தது.

ஒரு மாலை அதைக் கையால் சோதித்தேன். தகட்டைக் கீழே பொருத்தி, அலாரத்தை ஓடவிட்டு, மூடியை இரு விரல்களால் பிடித்து மெல்லக் கீழே இறக்கினேன். முதலில் ஒன்றும் மாறவில்லை. தகட்டுக்கு இரண்டு மில்லிமீட்டர் கிட்டே வந்தபோது ஒலி திடீரென்று திரண்டு எழுந்தது, விரல் நுனியில் மூடி நடுங்குவது தெரிந்தது. இன்னும் இம்மியளவு அழுத்தியதும் மறுபடி மங்கியது. காகிதத் துண்டுகளை ஓரத்தில் அடுக்கி அந்த உச்ச இடத்தைப் பிடித்து, அந்த உயரத்துக்கே அடுத்த மூடியை அச்சிட்டேன். சூத்திரம் கையில் இருந்தாலும் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்; தகட்டுக்குத் தகடு ஒத்ததிர்வு கொஞ்சம் மாறும். தகட்டைப் பொருத்தும் விதமும் முக்கியம். முழு முதுகையும் பசையால் ஒட்டிவிட்டால் அது வளைய முடியாது. விளிம்பை மட்டும் பிடிக்கலாம். அல்லது தகடு அதிரும்போது அசையாமல் நிற்கும் வட்டம் ஒன்று இருக்கிறது, தகட்டு விட்டத்தின் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவான விட்டத்தில் வரும், அந்த வட்டத்தில் மெல்லிய சிலிகான் பசையால் பிடிக்கலாம். கம்பி பற்றவைக்கும்போது வெள்ளிப் பரப்பில் சூட்டுக்கோலை அதிக நேரம் வைக்காதீர்கள். சூடு ஏறினால் பீங்கான் தன் குணத்தையே இழந்துவிடும்.

அளக்கக் கைபேசிச் செயலி போதும். அது காட்டும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது, ஆனால் ஒரே இடத்தில், ஒரே திசையில் வைத்து 'முன்பு, பின்பு' என்று ஒப்பிட நன்றாக உதவும். 2500 முதல் 4500 ஹெர்ட்ஸ் வரை 50, 50 ஆக ஏற்றிக்கொண்டே போய் எங்கே உச்சம் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கைபேசியைக் கொஞ்சம் நகர்த்தினாலும் எண் எக்கச்சக்கமாக மாறுவதைப் பார்ப்பீர்கள். 3400 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர். சுவரில் பட்டுத் திரும்பும் அலையோடு சேர்ந்து 5 சென்டிமீட்டருக்கு ஒருமுறை மேடும் பள்ளமும் உண்டாகின்றன. தூங்குகிறவரின் காது ஒரு பள்ளத்தில் அகப்பட்டுவிடலாம். அதனால் ஒரே அதிர்வெண்ணில் நிறுத்தாமல் உச்சத்துக்கு இருபுறமும் சில நூறு ஹெர்ட்ஸ் அலையவிடுங்கள். தகட்டின் வேறுபாடும் இதில் அடிபட்டுப் போகும்.

காது பற்றி நான் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். பக்கத்தில் குனிந்து சோதித்துக்கொண்டிருந்த வாரங்களில் இரவில் படுத்தால் என் காதுக்குள் 'ங்' என்று ஓர் இரைச்சல் நிற்காமல் கேட்டது. பயந்துவிட்டேன். நல்ல வேளையாகச் சில நாட்களில் அடங்கியது. தொழிலிடப் பாதுகாப்புக்கான அமெரிக்க நிறுவனமான நியோஷின் வரம்பு, 85 டெசிபெல்லுக்கு எட்டு மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லுக்கு 15 நிமிடம்தான். சோதிக்கும்போது காதடைப்பான் போடுங்கள், துளைமேல் நாடாவை ஒட்டுங்கள், குழந்தைகளை அறைக்குள் விடாதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு பெட்டி தயாரானது. எனக்கு அடுத்த அறையில், கதவு மூடியிருந்தும் தூக்கம் கலைந்தது. பெருமையோடு அப்பாவின் கட்டிலருகே கொண்டுபோய் வைத்தேன். இரவில் கேட்கும் கருவியைக் கழற்றிவிட்டுத்தான் அவர் படுப்பார். அலாரத்தை இயக்கினேன். எனக்குக் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னம்மா, இன்னும் ஆரம்பிக்கவில்லையா?" என்றார்.

அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்தது. உழைப்பு வீணாயிற்றே என்பதை விட, அவருக்கு எவ்வளவு கேட்கவில்லை என்பதை அன்றுதான் முழுதாக உணர்ந்தேன். வயதாகும்போது காது முதலில் இழப்பது உயர் அதிர்வெண்களைத்தான். இளம் காதுக்கு 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை மிகக் கூர்மை. பீசோக்களும் புகை எச்சரிக்கைக் கருவிகளும் அங்கேதான் ஒலிக்கின்றன. யாரை எழுப்ப வேண்டுமோ அவருக்கு அந்த இடமே மூடிக் கிடக்கிறது. தேடிப் படித்தபோது இது தெரிந்த விஷயம்தான் என்று தெரிந்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் டோரத்தி புரூக்கும் இயன் தாமஸும் செய்த ஆய்வுகளில், 520 ஹெர்ட்ஸ் சதுர அலை, வழக்கமான 3100 ஹெர்ட்ஸ் ஒலியைவிட மிகச் சிறப்பாகத் தூக்கத்தைக் கலைத்தது, செவித்திறன் குறைந்தவர்களையும்தான். அமெரிக்காவின் தீ எச்சரிக்கை விதித்தொகுப்பான என்எஃப்பிஏ 72 தூங்கும் அறைகளுக்கு இந்தத் தாழ்ந்த ஒலியை வரையறுத்திருக்கிறது. அலாரம் செய்ய உட்காருகிறவர் முதலில் கேட்க வேண்டியது, எழ வேண்டியவரின் காது எப்படி என்பதைத்தான். எனக்கு அது கடைசியில்தான் வந்து சேர்ந்தது.

520 ஹெர்ட்ஸைச் சிறிய பீசோவால் உரக்கத் தர முடியாது, ஒலிபெருக்கி வேண்டும். 40 மி.மீ. விட்டத்தில், 500 ஹெர்ட்ஸ் அளவில் ஒத்ததிர்வு கொண்ட ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அதை வெறுமனே பிடித்து ஓட்டினால் ஏமாற்றமாக இருக்கும். முன்பக்கம் தள்ளும் காற்றும் பின்பக்கம் இழுக்கும் காற்றும் விளிம்பைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துவிடும். பின்புறத்தை ஓர் அறையால் காற்றுப் புகாமல் அடைத்துப் பாருங்கள், அதே ஒலிபெருக்கிதானா என்று தோன்றும். கம்பி நுழையும் துளையைக் கூடப் பசையால் மூடினேன். ஓட்டுவதற்கு ஒரு சிறிய டி வகை ஆம்ப்ளிஃபயர் சில்லு, பிஏஎம்8403. இதில் ஒலிபெருக்கியின் இரண்டு கம்பியுமே உயிருள்ளவை. எதையும் பூமிக் கம்பியோடு இணைக்கக் கூடாது. 8 ஓம் ஒலிபெருக்கிக்கு 4.5 வோல்ட் சதுர அலை கொடுத்தால் அரை ஆம்பியர் வரை இழுக்கும். சும்மா இருக்கும்போதும் ஆம்ப்ளிஃபயர் பேட்டரியைத் தின்றுகொண்டே இருப்பதால், அதன் மின்சாரத்தையே மாஸ்ஃபெட் என்னும் மின் சுவிட்சால் துண்டித்து வைத்திருக்கிறேன். சதுர அலையை மழுங்கடிக்க வேண்டாம். 1560, 2600 என்று அதிலிருந்து கிளம்பும் மேல் அலைகளும் சேர்ந்துதான் எழுப்புகின்றன. பீசோவைத் தூக்கி எறியவில்லை. முதலில் 520, பிறகு பீசோ என்று மாறி மாறி அடிக்கிறது. ஒன்று அப்பாவுக்கு, மற்றது எனக்கு. பெட்டி சற்றுப் பருத்தது, உள்ளங்கையில் இன்னும் அடங்குகிறது.

அடிக்கும் தாளத்தையும் யோசித்தே வைக்க வேண்டியிருந்தது. அரை விநாடி இடைவெளி விட்டு மூன்று அரை விநாடி ஒலிகள், மூன்றாவது முடிந்ததும் ஒன்றரை விநாடி மௌனம் என்பது ஐஎஸ்ஓ 8201 வகுத்த வெளியேற்ற எச்சரிக்கைத் தாளம். புகை எச்சரிக்கைக் கருவிகள் அதையே பயன்படுத்துகின்றன. நான்கு குறும் ஒலிகளும் ஐந்து விநாடி மௌனமும் கார்பன் மோனாக்சைடுக்கு. இந்த இரண்டையும் வீட்டுப் பெட்டியில் போடாதீர்கள். குளிர்சாதனப் பெட்டிக் கதவு திறந்திருப்பதற்கு ஒருவர் தீ என்று நினைத்து ஓடுவதும், உண்மையில் தீப்பிடிக்கும்போது கதவுதான் என்று புரண்டு படுப்பதும் ஒரே அளவுக்கு ஆபத்து. என்னுடையது நீண்ட ஒன்று, குறுகிய ஒன்று.

கடைசியாகச் சேர்த்தது நிறுத்தும் பொத்தான். அழுத்தினால் பத்து நிமிடம் மட்டும் அடங்கும். அதற்குள் வெப்பநிலை எல்லைக்குள் திரும்பாவிட்டால் மறுபடி தொடங்கும். முழுவதுமாக அணைக்கும் வழியை வெளியே வைக்கவில்லை, தூக்கக் கலக்கத்தில் யாரும் அதைத்தான் அழுத்துவார்கள். அதே பொத்தானை அமைதியான நேரத்தில் அழுத்தினால் ஒருமுறை ஒலித்துக் காட்டும். அப்பா கேட்கும் கருவியைக் கழற்றிய பிறகு, படுக்கப்போகுமுன் அவரே அழுத்திப் பார்க்கிறார். பேட்டரி இறங்கியிருந்தால் அவருக்குத்தான் முதலில் தெரிகிறது.